பூ வேலை செய்த கம்பியூட்டர் அலுமாரி

பஸ்ஸின் கூரையில் படுத்தபடி என் அலுமாரி கண்டிக்கு வந்து சேர்ந்தது. சாக்கால் சுற்றி, கயிற்றால் வரிந்து, இரண்டு பாக்குக் கூடைகளுக்கு நடுவே மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த தச்சர் ஜுனைத் நானா என்னைக் கண்டதும் ஒரு கையை விட்டுவிட்டு ஆட்டினார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் மாதிரி முகம் முழுக்கப் பூரிப்பு.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். விடியற்காலையிலிருந்து தூறல். ஒரு கையில் குடை, மற்றக் கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மாத்தளை வீதி பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில் ஒரு மணித்தியாலமாக நின்றேன்.

"பாத்து, பாத்து! கம்பியூட்டர் வைக்கிற அலுமாரி!" என்று கத்தினேன். அதுவரை கடலை கொறித்துக்கொண்டு நின்றவர்களும் ஓடிவந்து கை கொடுத்தார்கள். அந்த நாளில் கம்பியூட்டர் என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. உள்ளே வெறும் காற்றுத்தான் இருக்கிறது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

அலுமாரி தரையில் நின்றது. ஜுனைத் நானா சாக்கின் ஒரு மூலையை மட்டும் மெல்ல விலக்கினார். ஒரு பூ தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விலக்கினார். ஒரு கொடி, அதில் மூன்று பூ. சாக்கு முழுவதும் கழன்றபோது கதவு, பக்கம், முதுகு எல்லாம் பூவும் கொடியும் இலையுமாகச் சிரித்தன. பின்பலகையில் ஒரு சாண் இடம்கூட விடாமல் சல்லடையாகச் செதுக்கியிருந்தார்.

"நானா, இது ஆற்றை அலுமாரி?" என்று கேட்டேன்.

"என்ன தங்கச்சி இப்பிடிக் கேக்குறீங்க? ஒங்கட தான்!"

மேசையா, தொட்டிலா?

இந்த அலுமாரி ஏன் வேண்டியிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்பிட்டிய பக்கம் ஏறுகிற வீதியில், பாக்கியம் அக்கா வீட்டு மேல்மாடியில் எங்களுக்கு ஒரேயொரு அறை. யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டிருந்ததால் ஊருக்குத் திரும்பிப் போகிற பேச்சே இல்லை. அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, நடந்து போக ஒரு பாதை. அந்தப் பாதையில் என் கணவர் வந்தால் நான் கட்டிலில் ஏற வேண்டும்.

நான் நகரத்தில் ஒரு அச்சகத்தில் தமிழ் எழுத்துக் கோக்கிறவள். ஈயத்தில் அல்ல, கம்பியூட்டரில். கண்டியில் அந்த வேலை தெரிந்த பெண்கள் அப்போது மிகக் குறைவு. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

பிள்ளை பிறக்கப் போகிறது என்று தெரிந்ததும் முதலாளி சந்தோஷமாகக் கைகுலுக்கிவிட்டு, என் கதிரைக்கு வேறு ஆள் தேடத் தொடங்கினார். வீட்டிலிருந்து செய்து தருகிறேன் என்றேன்.

"பிள்ளை, எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவினம். பிறகு ஒருத்தரும் இந்தப் பக்கம் வாறேல்லை" என்றார்.

"நான் வருவன்."

"அப்ப ஒண்டு செய்யும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் ஒண்டை முழுசா வீட்டிலை வைச்சுச் செய்து, பிழையில்லாமல் கொண்டுவாரும். இந்த மாதக் கடைசி வெள்ளி பகல் பன்னிரண்டு மணிக்கு என்ரை மேசையிலை இருக்க வேணும். இருந்தால், மிச்ச வினாத்தாள் எல்லாம் உமக்குத்தான்."

அந்த வேலை போனால் எனக்கு என்ன மிஞ்சும் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். கட்டிலும் நடைபாதையும்தான். பிள்ளையை எனக்கு ஆசை, வேலையும் எனக்கு ஆசை. இரண்டில் ஒன்றைத் தொடு என்றால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் கோபத்தால் அறை அகலமாகாது. மேசை இருக்குமிடத்தில்தான் தொட்டில் வர வேண்டும். அப்படியானால் கம்பியூட்டர் எங்கே?

என் கணவர் ஒரு அலுவலகத்தில் படவரைஞர். கால்வாயும் மதகும் வரைகிறவர். ஒரு சனிக்கிழமை முழுக்க அடிமட்டத்தோடு அறையைச் சுற்றிச் சுற்றி அளந்துவிட்டு, யன்னலுக்கும் கட்டில் தலைமாட்டுக்கும் இடையில் இரண்டரை அடி வெற்றிடம் இருப்பதைக் கண்டுபிடித்தார்.

"படுக்க வைக்க இடமில்லை. நிமித்தி வைப்பம்" என்றார்.

அப்படித்தான் அந்த அலுமாரி பிறந்தது. அடித்தட்டில் கம்பியூட்டர்ப் பெட்டி. அதற்கு மேல் லாச்சி போல இழுத்தால் வெளியே வரும் ஒரு பலகை, அதில் கீபோட். அதற்கு மேல் மொனிட்டர். எல்லாவற்றுக்கும் உச்சியில் பிரின்டர். கதவை மூடினால் சாதாரண உடுப்பு அலுமாரி. நாலு பக்கமும் தெரிய நாலு படம் வரைந்தார். மதகுக்குக்கூட அவர் அவ்வளவு அழகாக வரைந்திருக்க மாட்டார்.

மடியில் வந்த மொனிட்டர்

கம்பியூட்டரை ஒரேயடியாக வாங்கவில்லை. துண்டு துண்டாகச் சேர்த்தோம். பெட்டி ஒரு அலுவலகம் கழித்துவிட்டது. பிரின்டர், காகிதத்தைக் கண்டாலே வீரிட்டு அழுகிற ஒரு பழைய டொட் மெட்ரிக்ஸ். மொனிட்டரை மட்டும் கொழும்பிலிருந்து கட்டில் விரிப்பில் சுற்றி ரயிலில் கொண்டுவந்தோம்.

கணவரின் மடியில் அது. என் மடியில் ஏற்கெனவே இடமில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் முனகிக்கொண்டு ஏறியபோது ஒரு இளம் சிப்பாய் வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். எங்கள் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் விரிப்பைத் தூக்கினான்.

"இதில் கிரிக்கெட் மட்ச் பார்க்கலாமா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

முடியாது என்றார் கணவர். இவ்வளவு பெரிய சாமானைச் சுமந்துகொண்டு போகிறார்களே, பாவங்கள் என்பது போல எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

ஆறு வடிவு

இப்போது பூக்களுக்கு வருவோம்.

பாக்கியம் அக்காவின் வாசற்கதவைச் செய்தவர் அலவத்துகொட ஜுனைத் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் படத்தை அனுப்பினோம். படம் போதும் என்றார் கணவர். நான் விடவில்லை, கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். அங்கேதான் வந்தது வினை.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வாய் திறந்தால் 'வடிவா'. வடிவாச் சாப்பிடு என்றால் வயிறு நிறையச் சாப்பிடு. வடிவாப் படி என்றால் கவனமாகப் படி. வடிவாப் பூட்டு என்றால் இழுத்துப் பார்த்து ஒழுங்காகப் பூட்டு. இதிலே அழகுக்கு வேலையே இல்லை. ஆனால் அது எங்களுக்குத் தெரியும், அலவத்துகொடைக்குத் தெரியுமா? நான் எழுதியது இதுதான்:

'கதவு வடிவாக மூட வேண்டும். பக்கப் பலகை வடிவாக இருக்க வேண்டும். கீபோட் பலகை வடிவாக உள்ளே போய் வர வேண்டும். பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள், அதுதான் முக்கியம், வடிவாகக் காற்றுப் போகக்கூடியதாகச் செய்யுங்கள். படத்தை வடிவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை நேரில் வடிவாகச் சொல்கிறேன்.'

பஸ் நிலையத்தில், மழையில், ஜுனைத் நானா அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் விரித்தார்.

"ஆறு எடத்துல வடிவு ஈக்கிது தங்கச்சி. நான் எண்ணிப் பாத்தேன். இவ்வளவு ஆசப்படுற புள்ளக்கி வெறும் பலகைய அடிச்சிக் குடுக்கேலுமா? மூணு கெழம பிந்தினதும் இதாலதான். ஆனா உருவம் ஒண்டும் வெட்டல்ல, அது நாங்க செய்றதில்ல. பூவும் கொடியும் மட்டும்தான்."

எனக்கு அழுகை வந்தது. வெள்ளிக்கிழமைக்கு நாலே நாள். கம்பியூட்டருக்கு அலுமாரி கேட்டால், கல்யாண மணவறை வந்து நிற்கிறது. ஆனால் வாய் என்ன செய்தது தெரியுமா? சிரித்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க வயிற்றுக்குள் இருந்ததும் உதைத்தது. நானா பயந்துபோய் என்னைப் பிடித்து, பஸ்ஸிலிருந்து இறக்கிய பாக்குக் கூடையில் உட்கார வைத்தார்.

"நல்லா இல்லியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நல்ல வடிவு நானா" என்றேன். அந்த ஒரு முறை மட்டும் அந்தச் சொல்லை இருவரும் ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொண்டோம்.

மரக்கறி லொறி ஒன்றில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனோம். பாக்கியம் அக்கா வாசலில் நின்று கன்னத்தில் கை வைத்தார். "என்ன புள்ள, சாமி பொட்டியா வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

பூட்டிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. என் கணவர் மொனிட்டரின் நீளத்தை அளந்தாரே தவிர, அதன் பின்னால் வளைகிற வயரை அளக்கவில்லை. வெறும் பலகையாக இருந்திருந்தால் கதவு மூடியே இருக்காது. இங்கேயோ ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஓட்டை. ஒரு வயர் தாமரையால் போயிற்று, இன்னொன்று செவ்வந்தியால். சூடும் அந்த வழியாகவே வெளியேறியது. கணவர் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "உம்முடைய நானா விசரன் இல்லையப்பா, கெட்டிக்காரன்" என்றார். நானாவைப் பற்றி அவர் சொன்னது அது. வயரை அளக்காதவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

சத்தம் போடுகிற சாமி

மூன்று நாள் விடாமல் தட்டச்சினேன். வயிறு முன்னால் வந்துவிட்டதால் கை கீபோட்டுக்கு எட்டவில்லை. இழுக்கிற பலகையை முழுதாக இழுத்து வைத்துக்கொண்டேன். நாற்பது கேள்வி. பத்து கேள்விக்குப் படம். அம்புக்குறி, முக்கோணம், மாம்பழம், எல்லாம் நானே வரைந்தவை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடைசிப் பக்கங்களைப் பிரின்டருக்குக் கொடுத்தேன். அது வீரிட்டது. அந்தச் சத்தம் கீழே கேட்கக்கூடாதென்று அலுமாரிக் கதவை மூடினேன். சரியாக அந்த நேரம் கீழே சப்பாத்துச் சத்தம்.

எங்கள் வீதியில் வீடு வீடாகச் சோதனை. அந்த நாட்களில் அது புதினமில்லை. எங்கேயோ ஒரு குண்டு வெடித்தால், எங்கள் படியில் சப்பாத்துக் கேட்கும். கணவர் வேலைக்குப் போய்விட்டார். ஒரு பொலிஸ் சார்ஜன்ட், ஒரு இளம் கொஸ்தாப்பல், அவர்களுக்குப் பின்னால் மூச்சிரைக்கப் பாக்கியம் அக்கா.

சார்ஜன்ட் அறையைப் பார்த்தார். பார்க்க அதிக நேரம் எடுக்கவில்லை. அலுமாரியில் கண் நின்றது. பூக்களின் ஓட்டைகளால் உள்ளே வெளிச்சம் தெரிந்தது.

"இது என்ன?"

நான் வாய் திறப்பதற்குள் பாக்கியம் அக்கா சிங்களத்தில் முந்திக்கொண்டார். "சாமி அலுமாரி, சேர்!" கலவரத்தில் ஒருமுறை கடையும் வீடும் எரிந்து, கட்டிய சேலையோடு ஓடி வந்தவர் அவர். பொலிசைக் கண்டால் அவருக்கு உண்மை வாயில் வராது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

சார்ஜன்ட் உடனே தொப்பியைக் கழற்றினார். கொஸ்தாப்பலும் கழற்றினான். இருவரும் அலுமாரிக்கு முன்னால் மரியாதையாக நின்றார்கள். அந்த அமைதியில் சாமி, 'ர்ர்ரீஈஈ, ர்ர்ரீஈஈ' என்றது.

சார்ஜன்ட் திரும்பி என்னைப் பார்த்தார். உடைந்த தமிழில் கேட்டார், "இது என்ன சாமி? சத்தம் போடுற சாமி?"

எனக்குப் பயம். அதே நேரம் சிரிப்பு நெஞ்சு வரை வந்து முட்டியது. இரண்டையும் ஒன்றாக அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். இனிப் பொய் சொன்னால் பிடிபடுவோம் என்று விளங்கியது. போய்க் கதவைத் திறந்தேன்.

"கம்பியூட்டர், சேர். நான் வேலை செய்கிறேன்."

கொஸ்தாப்பலின் முகம் மாறிவிட்டது. பெட்டி, வயர், வெளிச்சம், தமிழ் எழுத்து. இதைக் கழற்றி ஸ்டேசனுக்குக் கொண்டுபோக வேண்டும், இவர்கள் இதால்தான் செய்தி அனுப்புகிறார்கள் என்றான். டெலிபோனே இல்லாத வீட்டிலிருந்து எப்படி அனுப்புவது என்று கேட்க நா துடித்தது, கேட்கவில்லை. பெட்டி போனால் எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. நானும் கூடப் போக வேண்டி வந்தால், அதுவும் தெரியாது. மணி ஒன்பதேகால்.

சார்ஜன்ட் பிரின்டரிலிருந்து தொங்கிய காகிதத்தைக் கிழித்துக் கையில் எடுத்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியும்.

"சிஷ்யத்வயத?" என்றார். புலமைப்பரிசிலா என்று கேட்கிறார். ஓம் என்று தலையாட்டினேன்.

மனிதர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகளும் அந்த வருஷம் அதே சோதனை எழுதுகிறாளாம். இந்த நாட்டில் எந்தப் பாஷை பேசுகிறவராயிருந்தாலும் சரி, வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் புலமைப்பரிசில் என்ற சொல்லுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்க்கும். அவர் பேனாவை எடுத்து ஒவ்வொரு படக் கேள்வியாகச் செய்தார். கொஸ்தாப்பல் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மூன்றாவது, சேர்" என்றான். "பொறு" என்றார் சார்ஜன்ட்.

முப்பத்தேழாம் கேள்வியில் பேனா நின்றது. அம்புக்குறி மேலே பார்க்கிறது, பிறகு வலப்பக்கம், பிறகு கீழே. அடுத்தது எது?

"நங்கி, இது பிழை" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

"இல்லை சேர், இடப்பக்கம் பார்க்கிற அம்பு."

"அது சரி. முதலாவது விடையும் அதுதான், மூன்றாவது விடையும் அதுதான். பிள்ளை எதை எழுதும்?"

பார்த்தேன். ஒரு அம்பை வரைந்து நகல் எடுத்தவள், அதைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். இரண்டு அம்பும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. இதோடு முதலாளி முன்னால் போயிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த நிமிஷத்தில் பொலிஸ், சோதனை, ஸ்டேசன் எல்லாம் மறந்து, "ஐயோ, நன்றி சேர்" என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அம்பைத் திருப்பினேன். மறுபடி பிரின்டர் வீரிட்டது. ஒரு சார்ஜன்டும் ஒரு கொஸ்தாப்பலும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பூ அலுமாரிக்கு முன்னால் பொறுமையாக நின்றார்கள். படக் கேள்விகளில் ஒரு பிரதி மகளுக்கு வேண்டும் என்றார் சார்ஜன்ட். இரண்டாகவே கொடுத்தேன். கொஸ்தாப்பல் பெட்டியைப் பற்றி மறுபடி எதுவும் பேசவில்லை. கடைசிக் கேள்விக்கு விடை சரியா என்று மட்டும் போகும்போது கேட்டான். சரி என்றேன்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம்

அந்த ஏற்றத்தை நான் எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிளொப்பியும் காகிதமும் பைக்குள், பை நெஞ்சோடு. பஸ் கிடைக்கவில்லை. த்ரீவீல்காரர் ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டார். அச்சகத்துக்கு என்றேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் பறந்தார். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது முதலாளியின் மேசையில் காகிதத்தை வைத்தேன்.

முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பது கேள்வியையும் செய்தார். ஒவ்வொன்றாக, விரலை வைத்து. நான் தேநீரைக் கையில் பிடித்தபடி அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தேழில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு நகர்ந்தது.

"திங்கக்கிழமை ரெண்டாவது பேப்பர் தாறன்" என்றார். "வீட்டுக்கே அனுப்பிவிடுறன். உந்த வயித்தோடை இனி அலைய வேண்டாம்."

அவ்வளவுதான். வெளியே வந்து, வெயிலே இல்லாத அந்த மத்தியானத்தில் குடையை விரித்துக்கொண்டு குளத்தங்கரை வழியே நடந்தேன். எனக்கு அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை. வழியில் ஒரு கடையில் மீன் வைத்த மாலுபாண் வாங்கி, நடந்தபடியே தின்றேன். இரண்டு தின்றேன்.

வீட்டுப் படியேறினால், அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டிலில் என் கணவர். சேட்டு முழுக்க வியர்வை. பக்கத்தில் பாக்கியம் அக்கா, கையில் தண்ணீர்ச் செம்போடு.

நடந்தது இதுதான். எங்கள் வீதியில் சோதனை, கம்பியூட்டர் வைத்திருந்த தமிழ்ப் பெண்ணிடம் வெகுநேரம் விசாரணை என்று யாரோ அவருடைய அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அப்படியே எழுந்து ஓடிவந்திருக்கிறார். அறையில் நான் இல்லை. பாக்கியம் அக்கா அப்போது கடைக்குப் போயிருந்தார். நான் ஒரு துண்டு எழுதி வைத்திருக்கலாம். அந்த அவசரத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை. மனிதர் பொலிஸ் ஸ்டேசனுக்குப் போய், என் பேரைச் சொல்லி, எட்டு மாதம் என்று சொல்லி, அங்கேயே வாங்கில் ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்று அவர்கள் சொன்னதையும், சார்ஜன்ட் தானாகவே போய்விட்டார் என்று பிறகு பாக்கியம் அக்கா சொன்னதையும் அவர் நம்பவில்லை. அந்த நாளில் யார் நம்புவார்?

என்னைக் கண்டதும் எழும்பினார். கிட்ட வந்து, தோளை, முகத்தை, வயிற்றைப் பார்த்தார்.

"உம்மை விட்டிட்டாரோ?" என்றார்.

அந்த நேரம் எனக்கு உலகத்தில் இரண்டே பேர்தான் இருந்தார்கள், நானும் முதலாளியும். "விடுறதோ? திங்கக்கிழமை ரெண்டாவது பேப்பரும் தாறாராம்!" என்றேன்.

அவர் என்னை விழித்துப் பார்த்தார்.

"ஆர், சார்ஜனோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் அடக்கி வைத்த பயம் முழுவதும் அவருடைய முகத்தைப் பார்த்தபிறகு வந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். பாக்கியம் அக்கா செம்பை வைத்துவிட்டுக் கீழே போனார்.

யார் முதலில் தொடங்கினோம் என்று ஞாபகம் இல்லை. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, கட்டில் கிறீச்சிடக் குலுங்கினோம். பாக்கியம் அக்கா அரைப் படி ஏறி வந்து அண்ணாந்து கேட்டார்.

"என்ன புள்ள, அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களா? கீழ இருந்து ஒண்ணும் வெளங்கலியே."

மேலே இருந்தும் எங்களுக்கு விளங்கவில்லை.